இரக்கமும் தீர்ப்பும்: ‘நாயகன்’ திரைப்படத்தை முன்வைத்து ஒரு சொற்பொருள் நோக்கு

1. முன்னுரை

கதையில் வரும் கொடியவனுக்குத் துன்பம் நிறைந்த இளமைப் பருவம் ஒன்றைப் படைத்துக் காட்டுவது இன்றைய புனைகதைக்கும் திரைப்படத்திற்கும் பொதுவான முறையாகிவிட்டது. அவ்விளமையை அறிந்தபின் பார்வையாளர் அவனை வெறுக்கத் தயங்குகின்றனர். ‘பாவம், அவன்தான் என்ன செய்வான்?’ என்னும் கூற்று இயல்பாக எழுகிறது. இத்தகையவன் இரக்கத்திற்குத் தக்கவனா என்பது அறவியல் வினாவாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. எனினும் அதற்கு மொழியியல் சார்ந்த கூறு ஒன்றும் உண்டு. இரக்கத்தைக் குறிக்கும் சொற்கள் எல்லா மொழிகளிலும் ஒரே பொருட்பரப்பை உடையன அல்ல. ஒரு மொழியில் இரக்கமாக நிற்பது மற்றொரு மொழியில் கழிவிரக்கமாகவோ மன்னிப்பாகவோ பெயர்க்கப்படுமாயின், கதைமாந்தர் பற்றிய தீர்ப்பும் அதனுடன் மாறிவிடும்.

இச்சிக்கலை ஆராய்வதற்கு மும்பைத் தமிழரின் வாழ்வைக் களமாகக் கொண்ட ‘நாயகன்’ (1987) ஏற்ற சான்றாகும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், விக்ரோலி முதலிய பகுதிகளில் வாழும் தமிழர் வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் மராத்தியும் வழங்குபவர். ஒரே கதைமாந்தனைப் பற்றி அவர்கள் மூன்று மொழிகளில் பேச வேண்டியவர்கள். ஆகவே இரக்கச் சொற்களின் வேறுபாடு அவர்களுக்கு அன்றாட வழக்கில் எதிர்ப்படும் ஒன்றாகும்.

2. ‘பாவம்’ என்னும் சொல்

தமிழில் ‘பாவம்’ என்பது தீவினையையும் குறிக்கும். இரங்கத்தக்க நிலையையும் குறிக்கும். ‘அவன் பாவம் செய்தான்’ என்னும் தொடரில் அச்சொல் செயப்படுபொருளாக நிற்கிறது, செய்தவன் வினைமுதலாகிறான். ‘அவன் பாவம்’ என்னும் தொடரில் அதுவே பயனிலையாகிறது. இங்கே வினைச்சொல் இல்லை. எனவே செயலும் காலமும் இல்லை. முன்னதில் ஒன்றைச் செய்தவனாகச் சுட்டப்பட்டவன் பின்னதில் ஏதோ ஒன்று நேர்ந்தவனாகச் சுட்டப்படுகிறான். தீங்கு செய்த ஒருவனைக் குறித்து ‘அவன் பாவம்’ என்று கூறும்போது சொல் மாறவில்லை; தொடரமைப்பே மாறுகிறது. அம்மாற்றத்தில் அவன் செய்த செயல் தொடரிலிருந்து நீங்கிவிடுகிறது.

வடமொழியின் ‘பாப’ என்னும் சொல்லிலிருந்து வந்த இச்சொல்லுக்கு இரக்கப் பொருள் ஏற்பட்டதை இரு வழிகளில் விளக்கலாம். துன்பம் முன்செய்த தீவினையின் பயன் என்னும் கருத்தினால், காரணத்தின் பெயர் காரியத்திற்கு ஆகி, துன்புறுபவனைச் சுட்டியது என்பது ஒரு விளக்கம். ஒப்பாரி பாடும் பெண் தன்னையே ‘பாவி’ என்று கூறிக்கொள்வது இதற்கு அரண் செய்யும். ‘பாவம், அவனை அடிக்காதே’ என்பதுபோன்ற தொடர்களில், அவனைத் துன்புறுத்துவது பாவம் என்னும் பொருளே முதலில் இருந்து, பின்னர் அது துன்புறுபவனைக் குறித்தது என்பது மற்றொரு விளக்கம். முதல் விளக்கத்தில் பாவம் துன்புறுபவனுடையது; இரண்டாவதில் அது துன்புறுத்துபவனுடையது. தீய இளமைக்கு ஆட்பட்ட கொடியவனைக் குறித்து ‘பாவம்’ என்பார் இரண்டாம் பொருளையே உட்கொள்கின்றனர். சிறுவனாக இருந்தபோது அவனுக்கு இழைக்கப்பட்ட தீங்கே பாவம் என்பது அவர்தம் கருத்து.

இவ்விரட்டை வழக்கு தென்னிந்திய மொழிகளிலும் இலங்கையிலும் பரவலாகக் காணப்படுகிறது. கன்னடத்தில் ‘பாப’ என்பதும் தெலுங்கில் ‘பாபம்’ என்பதும் இருபொருளிலும் வழங்குகின்றன. சிங்களத்தில் ‘பவ்’ என்பது தீவினை. ‘அனே பவ்’ என்பது இரக்கக் குறிப்பு. மலையாளம் மட்டும் ஒலியால் இரண்டையும் பிரித்துக்கொண்டது. அங்கே ‘பாபம்’ தீவினை, ‘பாவம்’ இரங்கத்தக்கவர். மராத்தியிலும் இந்தியிலும் ‘பாப்’ என்பது தீவினை மட்டுமே. இரக்கக் குறிப்பிற்கு மராத்தி ‘பிச்சாரா’ என்னும் சொல்லையும், இந்தி ‘பேச்சாரா’ என்னும் சொல்லையும் கொள்கின்றன. இவை ‘வழியற்றவன்’ எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழிவந்தவை. விக்ரோலியில் வாழும் தமிழர் ஒருவர் ‘பாவம்’ என்பதை விடுத்து ‘பிச்சாரா’ என்று கூறும்போது, பாவத்தின் நிழல் முற்றும் நீங்கி, வழியின்மை ஒன்றே எஞ்சுகிறது. வழியற்றவன் செய்த செயலுக்கு அவனைப் பொறுப்பாக்குவது கடினம் என்பதும் எண்ணத்தக்கது.

3. அனுதாபமும் பச்சாதாபமும்

இரக்கத்தைக் குறிக்கும் பிற இரு கடன்சொற்களின் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. ‘அனுதாபம்’ என்பதற்கு வடமொழியில் செய்ததற்கு வருந்துதல் என்பது பொருள். ‘பச்சாதாபம்’ என்பதன் மூலமாகிய ‘பச்சாத்தாப’ என்பதற்கும் பின்னர் எழும் வெம்மை, அதாவது கழிவிரக்கம், என்பதே பொருள். தமிழில் ‘அனுதாபம்’ பிறர் துன்பத்திற்கு வருந்துதலைக் குறிப்பதாயிற்று. ‘பச்சாதாபம்’ இருபொருளிலும் வழங்குகிறது. இந்தியிலும் மராத்தியிலும் ‘பச்சாத்தாப்’ என்பது கழிவிரக்கத்தை மட்டும் குறிக்க, பரிவிற்கு ‘சகானுபூதி’ என்னும் சொல் வழங்குகிறது.

‘கொடியவன் பச்சாதாபத்திற்குரியவன்’ என்னும் தமிழ்த் தொடரைச் சொல்லுக்குச் சொல் மராத்தியில் பெயர்ப்பவர், அவன் தன் செயலுக்கு வருந்த வேண்டியவன் என்று எழுதிவிட நேரும். அவனுக்காகப் பிறர் வருந்துவதும் தான் செய்ததற்கு அவன் வருந்துவதும் வெவ்வேறு நிகழ்வுகள். ஒன்று பார்ப்பவரிடத்தும் மற்றொன்று செய்தவனிடத்தும் நிகழ்வன. பாவம், அனுதாபம், பச்சாதாபம் ஆகிய மூன்றும் குற்றத்தைச் சார்ந்த பொருளிலிருந்து இரக்கத்தைச் சார்ந்த பொருளுக்குத் தமிழில் நகர்ந்துள்ளன. இந்நகர்வினால், செய்தவன் வருந்தாத இடத்தும் பார்ப்பவரின் வருத்தத்தால் அக்குறை நிரம்பிவிட்டதுபோன்ற தோற்றம் ஏற்படக்கூடும்.

‘இரங்கு’ என்னும் தமிழ்ச்சொல்லின் தொடரமைப்பு இத்தோற்றத்திற்கு இடம் தருவதில்லை. ‘அவனுக்கு இரங்கினர்’, ‘அவன்மேல் இரக்கம் கொண்டனர்’ என்பன வழக்கு. ‘அவனை மன்னித்தனர்’ என்பதுபோல் அது இரண்டாம் வேற்றுமையை ஏற்பதில்லை. மன்னித்தல் மற்றொருவன்மேல் செல்லும் செயல். அது அவனது நிலையை மாற்றுகிறது. இரங்குதல் இரங்குபவரிடத்தே நிகழ்ந்து அமைகிறது. ஒருவனுக்கு இரங்கிய பின்னரும் அவனை மன்னிக்காதிருத்தல் தமிழ்த் தொடரமைப்பில் முரண் ஆகாது. ‘பாவம் பார்த்து விட்டுவிட்டான்’ என்னும் பேச்சுவழக்கில்தான் இரக்கமும் விடுவித்தலும் ஒன்றாக இணைகின்றன. சிக்கல் இவ்விணைப்பிலேயே தொடங்குகிறது.

4. இலக்கண நூலும் அறநூலும்

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் கூறப்படுகின்றன. பிறரால் இகழப்பட்டு எளிமையுறுதலும், உற்றாரையோ உடைமையையோ இழத்தலும், முன்னைய நிலை கெட்டு வருந்துதலும், வறுமையுறுதலும் இவற்றால் குறிக்கப்படும். உரையாசிரியராகிய பேராசிரியர் அழுகையைத் தானே வருந்துதல், பிறர் வருத்தம் கண்டு வருந்துதல் என இரண்டாகப் பகுத்து, ஒன்றை அவலம் எனவும் மற்றொன்றைக் கருணை எனவும் வேறுபடுத்திக் காட்டுவர். இந்நான்கும் ஒருவனுக்கு நேர்ந்தவற்றைச் சுட்டுகின்றனவேயன்றி, அவன் நல்லவனாக இருத்தல் வேண்டும் என்னும் வரையறையைக் கூறவில்லை.

கிரேக்க மரபு இதனின் வேறுபட்டது. தகாத துன்பம் உறுபவனைக் கண்டே இரக்கம் பிறக்கும் என்றும், முற்றிலும் தீயவன் ஒருவன் வீழ்ச்சியடைவது இரக்கத்தையோ அச்சத்தையோ எழுப்பாது என்றும் அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் கூறுகிறார். கொடியவன் இரக்கத்திற்குத் ‘தக்கவனா’ என்னும் வினா இம்மரபில் எழுவது. தொல்காப்பிய மரபில், இழந்தவன் எவனாயினும் இழவு இழவே.

ஆனால் இரக்கம் செயலாக மாறுமிடத்துத் தமிழ் மரபும் எல்லை வகுக்கிறது. திருக்குறளில் ‘அருளுடைமை’ துறவறவியலிலும், ‘கண்ணோட்டம்’ பொருட்பாலின் அரசியலிலும் வைக்கப்பட்டுள்ளன. கண்ணோட்டம் ஆள்பவனுக்குரிய பண்பு. தன் கடமை கெடாதவாறு கண்ணோட வல்லவர்க்கே உலகம் உரியது என்பது அவ்வதிகாரத்தின் கருத்துகளுள் ஒன்று. கொடியோரை ஒறுத்தல் பயிருக்குக் களை எடுப்பதனை ஒக்கும் என்பது ‘செங்கோன்மை’ அதிகாரத்துக் கருத்து. இரக்கம் கொள்ளத் தகுதியை ஆராய வேண்டியதில்லை. இரக்கத்தின் பெயரால் ஒருவனை விடுவிக்கும்போது கடமையை ஆராய வேண்டும் என்பது இவற்றால் பெறப்படும்.

5. முடிவில் தோன்றும் இரக்கமும் தொடக்கத்தில் தோன்றும் இரக்கமும்

பழைய தமிழ் இலக்கியம் பகைவனுக்கு இரங்கும்போது அவனது இளமையைக் காரணமாகக் காட்டுவது அரிது. கம்பராமாயணத்தில் இராவணனுக்கான இரக்கம் அவன் இறந்தபின், வீடணன், மண்டோதரி ஆகியோரின் புலம்பல் வழியாகவே உச்சம் பெறுகிறது. அவன் செய்த தீங்கு அங்கே மறைக்கப்படுவதில்லை. முடிந்த வாழ்வைக் கண்டு எழும் இரக்கமாதலின் அது தண்டனையைத் தடுப்பதும் இல்லை.

சிறுவருக்கான இரக்கம் தனியே பேசப்பட்ட இடமும் உண்டு. மலையமானின் மக்களை யானைக்காலில் இட முற்பட்ட கிள்ளிவளவனைக் கோவூர்கிழார் தடுத்துப் பாடியது புறநானூற்றின் 46ஆம் பாடல். பகைவனின் மக்களாயினும் அவர்கள் சிறுவர் என்பதே அப்பாடலின் அடிப்படை. புலவர் மலையமானுக்காக அங்கு வாதிடவில்லை. தந்தையின் பகை மக்கள்மேல் செல்லாதவாறு தடுத்தலே அவர் செய்தது.

தொடக்கத்தைக் காட்டி இரக்கம் வேண்டுதல் மேலை நாட்டுப் புனைகதையில் 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ (1818) நாவலில், படைத்தவனாலேயே கைவிடப்பட்ட உயிர் தன் வரலாற்றைத் தானே எடுத்துரைத்து இரக்கம் வேண்டுகிறது. ஆயினும் அது கொன்றவருள் முதல்வன் ஒரு சிறுவன் என்பதையும் நாவல் மறக்கவில்லை. இந்தித் திரைப்படத்தில் ‘தீவார்’ (1975) இம்முறையைப் பம்பாய்க்குக் கொணர்ந்தது. தந்தையைத் திருடன் எனப் பச்சைகுத்தப்பட்ட சிறுவன் வளர்ந்து கடத்தல்காரனாகிறான். அதே வறுமையில் வளர்ந்த அவன் தம்பி காவல் அதிகாரியாகிறான். ஒரே இளமை இருவேறு வாழ்வுகளைத் தந்தது என்பதையும் படம் உடன் வைக்கிறது. இது தமிழில் ‘தீ’ (1981) என மறுபடைப்பாயிற்று.

6. ‘நாயகன்’: இரு சிறுவர்கள்

மணிரத்னத்தின் இயக்கத்தில், பாலகுமாரனின் உரையாடலுடன், கமல்ஹாசன் நடிப்பில் 1987இல் வெளிவந்த ‘நாயகன்’, மும்பையில் செல்வாக்குப் பெற்றிருந்த வரதராஜ முதலியாரின் வாழ்வைத் தழுவியது எனக் கருதப்படுகிறது. தூத்துக்குடியைச் சேர்ந்த அவர் மும்பைத் தொடர்வண்டி நிலையத்தில் சுமை தூக்குபவராக வாழ்வைத் தொடங்கி, மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலத்தில் கள்ளச்சாராய வணிகத்தால் வளர்ந்தவர் என்பது பரவலாகக் கூறப்படும் செய்தி. அவர் 1988இல் சென்னையில் இறந்தார். படத்தின் தொடக்கத்தில் வரும் இளமை நிகழ்ச்சி திரைக்கதைக்கே உரியது. நாயகனுக்கு அவ்விளமையைப் படைத்தளிக்கத் திரைக்கதை தேர்ந்துகொண்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

வேலுவின் தந்தை தொழிற்சங்கத் தலைவர். அவரைத் தேடும் காவலர், சிறுவனாகிய வேலுவை ஏமாற்றிப் பின்தொடர்ந்து சென்று அவரைச் சுட்டுக் கொல்கின்றனர். சிறுவன் காவல் ஆய்வாளரைக் குத்திவிட்டுப் பம்பாய்க்கு ஓடிவந்து, தாராவியில் ஹுசேன் என்னும் முதியவரின் ஆதரவில் வளர்கிறான். இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கும் இத்தொடக்கத்தில் நிறைந்துள்ளன. பார்வையாளரின் இரக்கம் இங்கேயே உறுதிப்பட்டுவிடுகிறது. பின்னர் ஹுசேனைக் காவல் நிலையத்தில் கொன்ற கேல்கர் என்னும் ஆய்வாளரை வேலு கொல்லும்போது, அது கொலையாகத் தோன்றாமல் பழைய தீங்கிற்கான மறுமொழியாகவே தோன்றுகிறது.

எனினும் படம் அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. கேல்கருக்கு மனவளர்ச்சி குன்றிய மகன் ஒருவன் இருப்பதை வேலு அறிந்து கலங்குகிறான், அக்குடும்பத்தை ஆதரிக்கிறான். இப்போது காவல்துறையால் தந்தையை இழந்த வேலு ஒருபுறமும், வேலுவால் தந்தையை இழந்த அஜித் மறுபுறமும் நிற்கின்றனர். பல ஆண்டுகள் கழித்து வேலுவின் மகள் சாருமதி தந்தையின் வன்முறையைத் தட்டிக்கேட்க, தனக்கு இழைக்கப்பட்ட தீங்குகளையே அவன் விடையாகச் சுட்டுகிறான். அவ்விடை மகளுக்கு நிறைவளிக்கவில்லை; அவள் பிரிந்து செல்கிறாள். தாத்தா நல்லவரா கெட்டவரா என்று பேரன் வினவும்போது, தெரியவில்லை என்பதே வேலுவின் மறுமொழி. இறுதியில் நீதிமன்றம் அவனை விடுவிக்கிறது. வெளியே வரும் அவனை, தன் தந்தை இறந்த உண்மையை அறிந்த அஜித் சுட்டுக் கொல்கிறான்.

இம்முடிவு கதையமைப்பின் மையமாகும். துன்புற்ற இளமை வேலுவை விடுவிக்குமாயின், அதே காரணம் அஜித்தையும் விடுவிக்க வேண்டும். வேலுவின் தந்தையைச் சுட்டவருக்கும் அறியப்படாத ஓர் இளமை இருந்திருக்கலாம். அப்போது குற்றம் செய்தவர் எவரும் இலர். காக்கப்படுபவரும் எவரும் இலர். தாராவி மக்கள் வேலுவின்மேல் கொண்ட அன்பு அஜித் இழந்ததை மீட்டுத் தரவில்லை. இரக்கம் முதலில் கதை சொல்லப்பட்டவன்பால் செல்கிறது என்பதையும், கதை சொல்லப்படாதவன் அவ்விரக்கத்தின் விலையைத் தருகிறான் என்பதையும் இப்படம் தன் அமைப்பாலேயே உணர்த்துகிறது எனலாம்.

7. ‘நாயகன்’, ‘தயாவான்’: பெயர்ப்பில் நேர்ந்த மாற்றம்

‘நாயகன்’ 1988இல் ஃபெரோஸ் கான் இயக்கத்தில், வினோத் கன்னா நடிப்பில் ‘தயாவான்’ என்னும் பெயருடன் இந்தியில் வெளிவந்தது. ‘நாயகன்’ என்பது தலைவன் என்னும் பொருளும் கதைத்தலைவன் என்னும் பொருளும் உடையது. அப்பெயரில் அறத்தீர்ப்பு இல்லை. அவன் எத்தகையவன் என்பது பேரனின் வினாவிற்கு விடப்பட்டுள்ளது. ‘தயாவான்’ என்பது இரக்கம் உடையவன் எனப் பொருள்படும். தமிழில் இரக்கத்தைப் பெறுபவனா என்று ஆராயப்பட்டவன், இந்தித் தலைப்பில் இரக்கத்தை வழங்குபவனாகிறான். படம் தொடங்குமுன்னரே தலைப்பு பேரனுக்கு விடை கூறிவிடுகிறது.

‘வில்லன்’ என்னும் சொல்லும் இவ்வகையில் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல் பண்ணையைச் சார்ந்து உழைத்த நாட்டுப்புறத்தானைக் குறித்தது. இலத்தீனில் பண்ணைவீட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. எளிய குடியினனைச் சுட்டிய சொல் காலப்போக்கில் கொடியவனைச் சுட்டுவதாயிற்று. இந்தியின் ‘கல்நாயக்’ தீய தலைவன் எனத் தீர்ப்பையே பெயராக்குகிறது. தமிழின் ‘எதிர்நாயகன்’ கதையில் அவன் நிற்கும் இடத்தை மட்டும் சுட்டுகிறது. இளமைத் துன்பம் உடைய கதைமாந்தனைக் குறிக்குமிடத்து இம்மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றாக ஆளுதல் பொருந்தாது.

8. மும்பைத் தமிழரும் இரக்கமும்

1966இல் சிவசேனை தோன்றியதை அடுத்த ஆண்டுகளில் தென்னிந்தியருக்கு எதிரான கிளர்ச்சிகளைக் கண்ட நகரம் மும்பை. அந்நகரின் தமிழர் பலருக்கு வேலுவின் இளமை தங்கள் புலம்பெயர்வின் உருவகமாகத் தோன்றியிருத்தல் இயல்பே. வேலுவுக்கு இரங்குதல் அவர்களுக்குத் தமக்கே இரங்குதலாகவும் அமையும். ஆயினும் இவ்விரக்கத்தில் ஓர் இடர் உண்டு. வறுமையும் இழப்பும் ஒருவனை வன்முறையாளனாக்கியே தீரும் எனக் கொண்டால், அதே வறுமையில் வளர்ந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலிலும், விக்ரோலி போன்ற பகுதிகளின் ஆலைகளிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர் வாழ்வுக்கு விளக்கம் இல்லாமற்போகும். ஏழ்மையே குற்றத்தின் காரணம் என்னும் கூற்று கொடியவனுக்கு இரக்கமாகத் தோன்றினாலும் ஏழையர் அனைவர்க்கும் பழியாக முடிகிறது. குடிசைப் பகுதியினர் எல்லாரும் குற்றவாளிகள் என்று கூறுபவரும் இக்காரணத்தையே ஆள்கின்றனர்.

9. இளமை வைக்கப்படும் இடம்

இந்தியச் சட்டம் இவ்விரண்டையும் வரிசைமுறையால் பிரிக்கிறது. ஒருவன் குற்றம் செய்தானா என்பது முதலில் முடிவுசெய்யப்படும். தண்டனை பற்றிய விசாரணை அதன்பின் தனியே நடைபெறும். மரண தண்டனை வழக்குகளில் குற்றத்துடன் குற்றவாளியின் சூழலும் கருதப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் பச்சன் சிங் வழக்கில் 1980இல் கூறியது. இளமைக்கால வன்முறை, புறக்கணிப்பு முதலிய குடும்பப் பின்னணியையும் திரட்டுமாறு மனோஜ் வழக்கில் 2022இல் அறிவுறுத்தியது. இளமை இங்கே கேட்கப்படுகிறது. ஆனால் குற்றம் உறுதிப்பட்ட பின்னரே கேட்கப்படுகிறது. அது செயலை மறைப்பதில்லை. செய்தவனை அச்செயல் ஒன்றாக மட்டும் சுருக்குவதைத் தடுக்கிறது. கடமை கெடாத கண்ணோட்டம் என்பதற்கு இவ்வரிசைமுறை ஒரு நடைமுறை வடிவம் எனலாம்.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். துன்புற்ற சிறுவனுக்கு இரங்குவதற்கு அவன் பின்னாளில் யாராக ஆனான் என்பது தடையன்று. அவ்விரக்கம் அவனுக்கு உரியது. வளர்ந்தபின் அவன் செய்தவற்றை அவ்விரக்கத்தால் துடைத்தல் இயலாது. அது அவனால் துன்புற்ற மற்றொரு சிறுவனுக்கு இழைக்கும் அநீதியாகும். தமிழில் ‘இரங்குதல்’, ‘மன்னித்தல்’ ஆகியவற்றின் வேற்றுமை அமைப்பு இவ்வேறுபாட்டைக் காக்கிறது. ‘பாவம் பார்த்தல்’ போன்ற வழக்குகள் அதனை மங்கச்செய்கின்றன.

எனவே இத்தகைய கதைகளை மொழிபெயர்ப்போர், ‘பாவம்’ என்னும் சொல் வருமிடந்தோறும் அது யாருடைய பாவத்தைச் சுட்டுகிறது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். துன்புறுபவனின் வினையா, துன்புறுத்தியவனின் தீங்கா, பார்ப்பவரின் இரக்கமா என்பதைப் பொறுத்தே இலக்குமொழிச் சொல் அமைய வேண்டும். மூலத்தில் விடையின்றி விடப்பட்டதைப் பெயர்ப்பில் விடுவித்தலோ தண்டித்தலோ கூடாது. பேரனின் வினா மூலத்தில் வினாவாகவே நிற்குமாயின், பெயர்ப்பிலும் அது வினாவாகவே நிற்றல் வேண்டும்.